தகுதிகாண் சுற்றின் கடைசி இரவு: கரும்பலகையில் கணக்கு வைப்பது எப்படி

யாழ்ப்பாணத்து உதைபந்தாட்ட ரசிகருக்கு விலகல் முறை கைவந்த விடயம். குருநகரிலோ நாவாந்துறையிலோ இளவாலையிலோ கழகங்கள் வைக்கும் தொடர்களில் பெரும்பாலும் தோற்றவர் வீட்டுக்கு, வென்றவர் அடுத்த சுற்றுக்கு, சமநிலை என்றால் பனால்டி. கணக்குப் பார்க்க அங்கே ஒன்றுமில்லை. உலகக் கிண்ணத் தகுதிகாண் சுற்று அப்படியல்ல. அது பெரும்பாலும் லீக் முறை: ஒரு குழுவில் எல்லோரும் எல்லோரோடும் ஆடிப் புள்ளி சேர்ப்பது. கடைசி நாளில் ரீவியில் ஓடும் ஆட்டத்தை விட, ரீவியில் ஓடாத இன்னோர் ஆட்டம்தான் சில வேளை முடிவைத் தீர்மானிக்கும். வாசிகசாலையில் நாற்பது பேர் கூடிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது 70 ஆவது நிமிடத்தில் யாரோ கேட்பார்: "இப்ப நாங்கள் உள்ளுக்கோ, வெளியிலயோ?" ("நாங்கள்" என்றால் பிரேசில், ஆர்ஜென்ரீனா, போர்த்துக்கல், எதுவாகவும் இருக்கலாம். அதைக் கேட்கக் கூடாது.) ஆளுக்கொரு பதில் வரும். அதற்குத்தான் இந்தப் பலகை.

பலகை

8 அடிக்கு 4 அடி பிளைவூட் ஒன்று, மினுங்காத கறுப்புப் பெயின்ற் இரண்டு பூச்சு. மினுங்கும் பெயின்ற் அடித்தால் மின்குமிழ் வெளிச்சம் பட்டு பாதிப்பேருக்கு எழுத்துத் தெரியாது. பலகையைக் குறுக்காக வையுங்கள். 4 அடி உயரத்தில் தலைப்புக்கு ஒரு வரி, அணிகளுக்கு ஆறு வரி என்றால் ஒரு வரிக்கு ஏறக்குறைய 7 அங்குலம் கிடைக்கும். 3 அங்குலத்துக்குக் குறையாமல் எழுதினால் பின்வரிசைக்கும் தெரியும். அகலத்தில் அணியின் பெயருக்கு 30 அங்குலம், மிச்சத்தில் 9 அங்குலம் வீதம் ஏழு நிரல்.

பத்திரிகையில் வரும் அட்டவணையை அப்படியே இதில் இறக்குவதுதான் எல்லோரும் விடும் முதல் பிழை. வெற்றி எத்தனை, தோல்வி எத்தனை என்பது கடைசி இரவில் ஒருவருக்கும் தேவைப்படாது. தேவையான ஏழு நிரலும் இவைதான்: முன்னைய புள்ளி, முன்னைய கோல் வித்தியாசம் (அடித்ததிலிருந்து வாங்கியதைக் கழித்தது), முன்பு அடித்த கோல், இன்றைய ஆட்டத்தின் கோல் கணக்கு, இப்போதைய வித்தியாசம், இப்போதைய புள்ளி, இப்போதைய இடம். முதல் மூன்றும் வெள்ளைச் சோக்கில், மிச்சம் நான்கும் மஞ்சளில். வெள்ளையை அன்றிரவு யாரும் தொடக்கூடாது. பழைய எண்ணை அழித்துவிட்டு அதே இடத்தில் புது எண்ணை எழுதினால், ஓஃப்சைட் என்று ஒரு கோல் ரத்தாகும்போது திரும்பிப் போக வழியில்லாமல் நிற்பீர்கள்.

பலகையைத் திரைக்கு இடப்பக்கம், சற்று முன்னுக்கு வையுங்கள். அதற்குத் தனியாக ஒரு மஞ்சள் குமிழ் போட்டு, தகர மறைப்பு வைத்து வெளிச்சத்தைப் பலகைக்கு மட்டும் திருப்ப வேண்டும். புரொஜெக்ரர் திரையில் கொஞ்ச வெளிச்சம் விழுந்தாலும் படம் வெளிறிவிடும். தகுதிகாண் சுற்றின் கடைசி ஆட்டங்கள் அதிகமாக ஐப்பசி, கார்த்திகையில் வருகின்றன. எங்களுக்கு அது மழைக்காலம். மைதானத்தில் திரை கட்டும் எண்ணத்தை விட்டுவிட்டு மண்டபத்துக்குள்ளேயே வையுங்கள். ஈரக்காற்றில் சோக் இளகி எழுத்துப் பிடிக்காது. ஒரு ரின்னில் கொஞ்சம் அரிசி போட்டு சோக்கை அதற்குள் வைத்தால் போதும்.

விதியை முதலில் தேடுங்கள்

பலகையில் ஒரு கோடு போடுவதற்கு முன்னரே தெரிந்திருக்க வேண்டியது: புள்ளி சமமானால் அடுத்து எதைப் பார்ப்பார்கள்? இது போட்டிக்குப் போட்டி வேறுபடும். சண்டை வருவதும் இதில்தான்.

பீபாவின் உலகக் கிண்ணத் தகுதிகாண் சுற்றில் புள்ளி சமமானால், முதலில் பார்ப்பது குழுவின் எல்லா ஆட்டங்களிலும் சேர்ந்த கோல் வித்தியாசம். அதுவும் சமமானால் மொத்தமாக அடித்த கோல். அதற்குப் பிறகுதான் அந்த அணிகள் ஒன்றோடொன்று மோதிய ஆட்டங்கள். ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றில் வரிசை தலைகீழ்: முதலில் நேருக்கு நேர் மோதிய ஆட்டங்கள், மொத்த வித்தியாசம் பின்னால்தான். ஐரோப்பியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றிலும் நேருக்கு நேர்தான் முதல். ஆகவே ஒரு போட்டிக்குப் பழகிய பலகைக்காரர் மற்றப் போட்டிக்கு அதே கணக்கைப் போட்டால் தவறான அணிக்கு வெடி கொளுத்த வைத்துவிடுவார்.

இலங்கை அணியைப் பின்தொடர்பவர்களுக்கு இந்த வேறுபாடு நேரடியாகத் தேவைப்பட்டது. 2024 செப்டெம்பரில் கம்போடியாவுடன் ஆடிய இரண்டு ஆட்டங்களும் சமநிலையாகி, பனால்டியில் வென்றுதான் 2027 ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றின் கடைசிக் கட்டத்துக்கு இலங்கை போனது. அங்கே தாய்லாந்து, துர்க்மெனிஸ்தான், சீன தாய்பே ஆகியவற்றோடு ஒரே குழு. நான்கு அணிகள், ஆளுக்கு ஆறு ஆட்டம், முதலிடத்துக்கு மட்டும் இடம். இப்படியான குழுவில் தாய்லாந்தோடு எத்தனை கோலால் தோற்றோம் என்பதும் கணக்கில் ஏறும். நேருக்கு நேர் கணக்கைப் பலகையின் அடியில் சின்னதாக ஒரு பெட்டி போட்டு முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

எல்லாமே சமமானால் மஞ்சள், சிவப்பு அட்டைகளை எண்ணுவார்கள். மஞ்சள் அட்டைக்கு 1 புள்ளி குறையும். இரண்டாவது மஞ்சளால் வெளியேறினால் 3, நேரடிச் சிவப்பு 4, மஞ்சள் வாங்கியிருந்தவர் நேரடிச் சிவப்பும் வாங்கினால் 5. 2018 உலகக் கிண்ணத்தில் ஜப்பானும் செனகலும் புள்ளி, வித்தியாசம், அடித்த கோல், தங்களுக்குள் ஆடிய 2-2 எல்லாவற்றிலும் சமமாக நிற்க, ஜப்பானுக்கு 4 மஞ்சள், செனகலுக்கு 6 மஞ்சள் என்பதால் ஜப்பான் அடுத்த சுற்றுக்குப் போனது. இதற்கென்று பலகையில் நிரல் போட வேண்டாம், ஒரு கடதாசியில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தால் போதும்.

ஆட்டம் தொடங்குமுன் எழுதவேண்டிய வரி

ஒவ்வோர் அணியின் பெயருக்கும் கீழே "என்ன நடந்தால் உள்ளே" என்பதை ஒரே வரியில் எழுதி வையுங்கள். இது கூட்டம் வரமுன் செய்யவேண்டிய வேலை. ஆட்டம் ஓடும்போது யோசிக்க முடியாது.

பழகுவதற்கு 1993 ஒக்ரோபரில் டோஹாவில் நடந்த ஆசியக் கடைசிச் சுற்றைப் போல நல்ல பயிற்சி வேறில்லை. ஆறு அணிகள், இரண்டு இடம், 1994 அமெரிக்க உலகக் கிண்ணம். அப்போது வெற்றிக்கு 2 புள்ளி, இப்போது போல 3 அல்ல. கடைசி ஆட்டத்துக்கு முன்னர் நிலை இப்படி:

ஜப்பான்: 5 புள்ளி, வித்தியாசம் +3, அடித்தது 5
சவூதி அரேபியா: 5 புள்ளி, +1, அடித்தது 4
தென்கொரியா: 4 புள்ளி, +2, அடித்தது 6
ஈராக்: 4 புள்ளி, 0, அடித்தது 7
ஈரான்: 4 புள்ளி, -2, அடித்தது 5
வடகொரியா: 2 புள்ளி, -4, அடித்தது 5

ஒக்ரோபர் 28 இல் மூன்று ஆட்டமும் ஒரே நேரத்தில்: ஜப்பான்-ஈராக், சவூதி-ஈரான், தென்கொரியா-வடகொரியா. ஜப்பானின் வரியை எழுதுவோம். வென்றால் 7. சவூதி வென்றாலும் 7தான், கொரியாவால் 6ஐத் தாண்ட முடியாது. ஆகவே "வெற்றி என்றால் உள்ளே, வேறு ஆட்டம் பார்க்கத் தேவையில்லை." சமநிலை என்றால் 6, வித்தியாசம் +3 இலேயே நிற்கும். இந்த இடத்தில்தான் கவனம். சமநிலையில் வித்தியாசம் அசையாது, வெல்கிறவருக்கு மட்டும் ஏறும். கொரியா 2 கோலால் வென்றால் +4, ஜப்பானைத் தாண்டிவிடும். 1 கோலால் வென்றால் +3, இரண்டும் சமம், அடித்த கோலைப் பார்க்க வேண்டும். ஆனால் கொரியா தாண்டினால் மட்டும் ஜப்பான் வெளியே போகாது, ஏனென்றால் இடம் இரண்டு. சவூதியும் வெல்ல வேண்டும் (ஈரான் 5 கோலால் வெல்வது போன்ற அதிசயத்தை விட்டுவிடுவோம்). ஆக வரி இது: "சமநிலை என்றால், சவூதி வெற்றியும் கொரியா 2 கோலுக்குக் குறையாத வெற்றியும் சேர்ந்து வந்தால் வெளியே; கொரியா 1 கோலால் என்றால் அடித்த கோலைப் பார்."

இரண்டும் வந்தன. சவூதி 4-3, கொரியா 3-0. ஜப்பான் 2-1 என முன்னிலையில் நின்ற வரைக்கும் அதனால் பாதகமில்லை. கடைசிக் கணத்தில் கோர்ணர் உதையிலிருந்து ஈராக்கின் ஜாஃபர் ஓம்ரான் தலையால் தட்டி 2-2 ஆக்கினார். கொரியா 6 புள்ளி +5, ஜப்பான் 6 புள்ளி +3. அந்த ஒரு வரியைப் பலகையில் எழுதி வைத்திருந்த எவருக்கும் அந்தத் தலைத் தட்டின் விலை அந்தச் செக்கனிலேயே தெரிந்திருக்கும்.

இன்னொரு கண்ணி: போட்டியில் நிற்கும் இரண்டு அணிகளும் தங்களுக்குள்ளேயே ஆடினால், ஒவ்வொரு கோலும் இரண்டாகக் கணக்காகும். ஒருவருக்கு ஏறும் அதே நேரம் மற்றவருக்கு இறங்கும். 2009 நவம்பர் 14 இல் கெய்ரோவில் எகிப்தும் அல்ஜீரியாவும் மோதமுன் அல்ஜீரியா 13 புள்ளி, அடித்ததும் வாங்கியதும் 9-2, வித்தியாசம் +7. எகிப்து 10 புள்ளி, 7-4, +3. இடைவெளி 4. ஆனால் எகிப்துக்கு 4 கோல் தேவைப்படவில்லை. 2-0 என்றால் இரண்டும் 13 புள்ளி, +5, 9-4. 3-0 என்றால் எகிப்து நேராக உள்ளே. 90 நிமிடத்துக்குப் பின் கூட்டிக் கொடுத்த மேலதிக நேரத்தின் ஐந்தாவது நிமிடத்தில் எகிப்து இரண்டாவது கோலை அடித்தது. எல்லாமே சமம். அல்ஜீரியாவில் நடந்த ஆட்டத்தில் அல்ஜீரியாவுக்கு 3-1, இதில் எகிப்துக்கு 2-0, கூட்டினால் அதுவும் 3-3. அப்போதைய விதிப்படி அட்டைகளை எண்ணாமல், நான்கு நாள் கழித்து சூடானின் ஒம்டுர்மானில் தனி ஆட்டம் வைத்து, அல்ஜீரியா 1-0 என வென்று 2010 உலகக் கிண்ணத்துக்குப் போனது.

கோல் விழுந்தால் என்ன செய்வது

ஆட்டம் தொடங்கிய கையோடு எல்லா அணிக்கும் 1 புள்ளி கூட்டி மஞ்சளில் எழுதுங்கள். 0-0 உம் சமநிலைதானே. இதை மறப்பவர்கள்தான் முதல் கோலுக்குப் பிறகு குழம்புகிறார்கள்.

பிறகு நினைவில் வைக்க ஒரே விதி. சமநிலை உடைந்தால் அடித்தவருக்கு 2 ஏறும், வாங்கியவருக்கு 1 இறங்கும். சமநிலைக்குத் திரும்பினால் அதுவே மறுபக்கமாக. 1-0, 2-0 ஆனால் புள்ளி அசையாது, வித்தியாசம் மட்டும் மாறும். 2025 நவம்பர் 18 இல் கிளாஸ்கோவில் ஸ்கொட்லாந்தும் டென்மார்க்கும் ஆடமுன் டென்மார்க் 11, ஸ்கொட்லாந்து 10. மேலதிக நேரத்துக்குள் 2-2 என நுழைந்தபோது பலகையில் 12, 11 என்று இருந்திருக்கும், டென்மார்க் உள்ளே. டியேர்ணி மூன்றாவது கோலை அடித்தார்: ஸ்கொட்லாந்து 13, டென்மார்க் 11. பிறகு மக்லீன் நடுக்கோட்டுப் பக்கத்திலிருந்து அடித்த நான்காவது கோல் எவ்வளவு வடிவாக இருந்தாலும் புள்ளி நிரலில் ஒன்றையும் மாற்றவில்லை. 1998க்குப் பிறகு ஸ்கொட்லாந்து உலகக் கிண்ணத்துக்குப் போவது இதுவே முதல் தடவை.

வீஏஆர் (மத்தியஸ்தரின் முடிவைக் காணொளியில் திரும்பப் பார்ப்பது) முடியும்வரை சோக்கைத் தூக்க வேண்டாம். அதே நவம்பர் 18 இல் ஜமெய்க்காவின் கிங்ஸ்ரனில் குராசாவோவுக்குச் சமநிலை போதும்: அவர்கள் 11, ஜமெய்க்கா 10. 0-0 என நிற்க, கடைசியில் மத்தியஸ்தர் ஜமெய்க்காவுக்குப் பனால்டி கொடுத்தார், பிறகு திரையைப் பார்த்துவிட்டு அதை ரத்துச் செய்தார். யாழ் மாவட்டத்துச் சனத்தொகையில் மூன்றிலொரு பங்குகூட இல்லாத தீவு, உலகக் கிண்ணத்துக்குப் போன ஆகச் சிறிய நாடானது. பனால்டி என்றவுடனேயே அவசரப்பட்டு எழுதியிருந்தால் பலகை மண்டபத்தையே பிழையாக அழ வைத்திருக்கும்.

இரண்டு ஆட்டம், இரண்டு நேரம்

இணையத்தில் ஓடும் நேரலை, உண்மையான ஆட்டத்தை விட அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை பிந்தி வரும். செய்மதி ரீவி அவ்வளவு பிந்தாது. போனில் வரும் கோல் அறிவித்தல் இரண்டையும் முந்தும். மண்டபத்தில் அணி பந்தைக் கொண்டுபோய்க்கொண்டிருக்க, பலகைக்காரர் எழும்பி மஞ்சளில் 1 எழுதினால் பெடியள் சோக்கைப் பறித்துவிடுவார்கள். அது நியாயம். ஆகவே திரையில் ஓடும் ஆட்டத்துக்குப் பலகை திரையை மட்டும் பார்க்க வேண்டும். மற்ற ஆட்டத்துக்குப் போனைப் பார்க்கலாம். இதற்கு இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் போனோடு இருந்து சொல்ல, மற்றவர் எழுத. போன்காரர் "கோல்" என்று கத்தக் கூடாது. அணியின் பெயரையும் புதுக் கணக்கையும் மட்டும் சொல்ல வேண்டும். "கோல்" என்று கேட்டால் முழு மண்டபமும் திரையைப் பார்த்து எழும்பிவிடும்.

டேற்றாவில் ஓட்டுவதென்றால் சுமாரான தெளிவுக்கு ஆட்டம் ஒன்றுக்கு 3 ஜிபி வரை வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போனால் ஜெனரேற்றரை இழுத்து எடுக்கும் நேரத்துக்கு ரவுற்றரும் புரொஜெக்ரரும் அணையாமல் இருக்க யூபிஎஸ் ஒன்று தேவை. புரொஜெக்ரர் ஒருமுறை அணைந்தால் சூடு ஆறித் திரும்ப வர ஓரிரு நிமிடம் எடுக்கும், அதற்குள் ஒரு பனால்டியே முடிந்துவிடும்.

அறிவித்தல் ஒட்டும்போது திகதியைக் கவனியுங்கள். மத்திய ஐரோப்பாவில் இரவு 8.45க்குத் தொடங்கும் ஆட்டம், அங்கே கோடைகால நேரம் இருக்கும்வரை எங்களுக்கு 12.15, ஒக்ரோபர் கடைசி ஞாயிறோடு அவர்கள் மணிக்கூட்டை மாற்றிய பிறகு 1.15. இரண்டும் எங்களுக்கு அடுத்த நாள். ஸ்கொட்லாந்து ஆட்டம் அங்கே செவ்வாய், எங்களுக்குப் புதன் அதிகாலை. "செவ்வாய் இரவு 1.15" என்று எழுதினால் பாதிப்பேர் ஒருநாள் முந்தி வருவார்கள். "செவ்வாய் இரவு விடிந்தால் புதன், 1.15" என்று எழுதினால் வயதானவர்களுக்கும் விளங்கும். இந்த நேரத்தில் ஒலிபெருக்கி வேண்டாம், அதற்குப் பொலிஸ் அனுமதியும் வேண்டும். உயர்தரப் பரீட்சை நடக்கும் காலமென்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளை நாளைக்குச் சோதனைக்குப் போகிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மண்டபத்தைத் திறவுங்கள்.

இரண்டாமிடம் என்றால் முடிந்துவிடாது

முதலிடம் போனதும் கூட்டம் கலையத் தொடங்கும். பலகைக்காரர் கலையக் கூடாது. 2026 உலகக் கிண்ணத்துக்கு 48 அணிகள் என்பதால் கதவும் கூடிவிட்டது. ஆசியாவுக்கு நேரடி இடம் 8. மூன்றாம் சுற்றில் ஆறு அணிகள் கொண்ட மூன்று குழு. ஒவ்வொன்றிலும் முதலிருவர் நேரடியாக, மூன்றாம் நான்காம் இடத்தவர் அடுத்த சுற்றுக்கு. ஜோர்தான் இப்படித்தான் முதல் தடவையாகப் போனது: 2025 ஜூன் 5 இல் ஓமானை 3-0 என வென்றது, அதே நாளில் பாஸ்ராவில் தென்கொரியா ஈராக்கை 2-0 என வென்றதோடு அது உறுதியானது. ஈராக் வெளியே போகவில்லை, அடுத்த கதவுக்குப் போனது. ஆகவே பலகையில் ஒரே கோடு போடாமல் இரண்டு கோடு போடுங்கள்: நேரடியாக உள்ளே போகிறவர்களுக்குக் கீழே தடித்த கோடு, அடுத்த சுற்றுக்குப் போகிறவர்களுக்குக் கீழே புள்ளிக்கோடு.

சிறந்த இரண்டாமிடங்களை ஒப்பிடும்போது இன்னொரு சிக்கல். ஆபிரிக்காவில் எரித்திரியா விலகியதால் ஒரு குழுவில் ஐந்து அணிகள் மட்டும் மிஞ்சின. ஒப்பீடு நேர்மையாக இருப்பதற்கு, மற்றக் குழுக்களின் இரண்டாமிடத்தவர் கடைசி அணியோடு பெற்ற புள்ளிகளைக் கழித்தார்கள். கடைசி அணியை அடித்து நொறுக்கியவருக்கு அதனால் ஒன்றும் மிஞ்சவில்லை. இந்தக் கழித்தலை ஆட்டநாளில் செய்ய முடியாது, முதல்நாளே போட்டு வையுங்கள்.

மைதானத்துக்கு வெளியிலும் அட்டவணை மாறும். 2025 மார்ச்சில் தென்னாபிரிக்கா லெசோத்தோவை 2-0 என வென்றது. ஆனால் இரண்டு மஞ்சள் அட்டையால் தடைப்பட்டிருந்த வீரர் ஒருவரை இறக்கியிருந்தார்கள். ஆறு மாதம் கழித்து பீபா அந்த ஆட்டத்தை லெசோத்தோவுக்கு 3-0 என மாற்றியது. 3 புள்ளி போனதை எல்லோரும் எழுதினார்கள். வித்தியாசம் +2 இலிருந்து -3 ஆகி 5 இறங்கியதைப் பலர் விட்டுவிட்டார்கள். கடைசியில் தென்னாபிரிக்கா 18, நைஜீரியா 17, பெனின் 17 என முடிந்தது. விசாரணையில் இருக்கும் ஆட்டம் ஏதும் இருந்தால் அந்த அணியின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுங்கள்.

கடைசி விசில் ஊதியதும் அழிக்க வேண்டாம். மற்ற ஆட்டம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். எல்லாம் முடிந்த பிறகு பலகையைப் போனில் படமெடுத்து, காலையில் பீபாவின் அட்டவணையோடு ஒரு வரி விடாமல் ஒப்பிடுங்கள். எண் பிசகியிருந்தால் எந்தக் கோலில் பிசகியது என்று தேடிப் பிடித்து, அதைக் குறித்து வைத்துவிட்டு ஈரத்துணியால் துடைத்து வெயிலில் சாத்துங்கள்.